பழைய மர யாட்டை நாமே சீரமைப்பது: எதை முதலில் தொடுவது, எதைத் தொடவே கூடாது

கேட்டவரின் நிலைமை சுருக்கமாக இது. 1960களில் கட்டிய 38 அடி மர மோட்டார் யாட் ஒன்று, எடுத்துக்கொண்டு போனால் போதும் என்கிற விலைக்குக் கிடைக்கிறது. நாலு வருடமாகக் கரையில் நிற்கிறது. எஞ்சின் ஓடுமா தெரியாது. அவருக்குத் தச்சு வேலை கொஞ்சம் வரும், வார இறுதிகள் மட்டும்தான் கையில் இருக்கின்றன. "உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றி வெளியே போட்டுவிட்டு வெறும் கூட்டிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். இரண்டு வருடத்தில் தண்ணீரில் இறக்கிவிடலாமா?" என்று கேட்கிறார்.

கழற்றாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கழற்றுவது சுகமான வேலை. இரண்டு வார இறுதியில் ஒரு படகையே காலி செய்துவிடலாம், ஏதோ பெரிதாகச் சாதித்த மாதிரியும் இருக்கும். சிக்கல் திரும்பப் பூட்டும்போதுதான் தெரியும். மரப்படகில் தடுப்புச் சுவர், படுக்கையின் முன்பலகை, தளத்தைத் தாங்கும் உத்திரம், அலமாரி என்று எல்லாம் சேர்ந்துதான் அதன் வளைவைப் பிடித்து வைத்திருக்கின்றன. அத்தனையையும் ஒரே மூச்சில் எடுத்தால் கூடு மெல்ல விரிந்துகொடுக்கும். ஆறு மாதம் கழித்துப் பழைய தடுப்பைக் கொண்டுபோய் வைத்தால், பக்கத்தில் விரல் நுழைகிற இடைவெளி இருக்கும். படகுத்துறைகளில் பாதி பிரித்த நிலையில் கைவிடப்பட்டுக் கிடக்கிற படகுகளின் சொந்தக்காரர்கள் சோம்பேறிகள் கிடையாது. பெரும்பாலும் முதல் மாதத்தில் ரொம்பச் சுறுசுறுப்பாக இருந்தவர்கள்.

நானும் அதில் ஒருவன்தான். என் முதல் படகில் ஓட்டுநர் அறையின் உட்புறச் சட்டங்களை 'இடது 3', 'இடது 4' என்று பின்பக்கம் பென்சிலால் எழுதிக் கழற்றினேன். பிறகு பழைய வார்னிஷை எடுக்க ரிமூவர் தடவினேன். வார்னிஷோடு பென்சில் எழுத்தும் போய்விட்டது. பதினெட்டுச் சட்டம், ஒன்றுக்கொன்று அரை அங்குலம் வித்தியாசம். எது எங்கே என்று கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது. இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன்: ஒரு மாதத்தில் திரும்பப் பூட்ட முடிகிற அளவுக்கு மேல் ஒரே நேரத்தில் எதையும் கழற்றுவதில்லை. அடையாளத்தையும் உளி நுனியால் வெட்டித்தான் போடுகிறேன்.

சரி, முதலில் அதை வாங்கலாமா என்று பார்ப்போம். ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொண்டு போங்கள். அழுக்கானால் பரவாயில்லை என்கிற உடை, நல்ல டார்ச், மரக்கைப்பிடி வைத்த ஸ்குரூடிரைவர், கூரான குத்தூசி. மரத்தின் ஈரம் அளக்கும் மீட்டர் கிடைத்தால் அதுவும்.

மரப்படகைக் கடல் தண்ணீர் அழிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவை விட்டுவிட்டால், அழிப்பது மழைத் தண்ணீர்தான். மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது. எப்போதும் மூழ்கியே இருக்கிற பலகையில் அதற்குக் காற்று போதாது. உப்பு ஊறிய மரமும் அதற்கு ஒத்துவராது. அதனால்தான் ஐம்பது வருடம் கடலுக்குள் இருந்த அடிப்பலகை கல் மாதிரி இருக்க, அதற்கு ஐந்தடி மேலே ஜன்னல் மூலை விரலோடு பெயர்ந்து வருகிறது. ஆக, மழை நுழைந்து, காற்று நுழையாத இடங்களைத் தேடுங்கள்: கேபின் சுவர் தளத்தைத் தொடும் கோடு, ஜன்னல்களின் கீழ் மூலை, தளத்தின் ஓரப்பலகைக்கு அடி, படகின் பின்முனையை மூடுகிற பின்பலகையின் மேல் மூலைகள், நங்கூரச் சங்கிலி கிடக்கும் அறை.

ஸ்குரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் 'டங்' என்று கையைத் திருப்பித் தள்ளும். மக்கின இடம் 'பொத்' என்று சத்தத்தை விழுங்கிக்கொள்ளும். பத்து நிமிடத்தில் காது பழகிவிடும். ஒருமுறை நண்பருக்காகப் பார்க்கப் போன படகில் பின்பலகையின் பெயிண்ட் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது. சத்தம் மட்டும் சரியில்லை. குத்தூசியை வைத்து லேசாகத்தான் அழுத்தினேன், தேநீரில் நனைத்த பிஸ்கட்டில் இறங்குவது போல் பிடி வரை இறங்கியது. புதிதாகப் பெயிண்ட் அடித்த பழைய படகைவிட, பெயிண்ட் உரிந்து நிற்கிற பழைய படகை நான் அதிகம் நம்புவேன்.

அடுத்தது ஸ்குரூக்கள். பலகைகளைப் பிடித்திருப்பவை அவைதான், ஆனால் பட்டிக்கு உள்ளே மறைந்திருக்கும். சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு, நீர்மட்டத்துக்குக் கீழே வெவ்வேறு இடங்களில் நாலைந்தைக் கழற்றிப் பாருங்கள். கழற்றிய ஸ்குரூவை உப்புத்தாளில் ஒரு இழுப்பு இழுத்தால் உள்ளே நிறம் தெரியும். மஞ்சள் கலந்த பழுப்பு என்றால் வெண்கலம் நன்றாக இருக்கிறது. பல்லீறு மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால் அது பித்தளை. அதிலிருந்த துத்தநாகம் கரைந்து போய், பஞ்சு மாதிரியான செம்பு மட்டும் மிச்சம். தலையைத் திருகினால் பாதியில் முறியும். இரும்பாக இருந்தால் சுற்றியுள்ள மரம் கறுத்து, துரு மரத்தையே தின்றிருக்கும். எல்லாமே அப்படி என்றால் அடிப்பகுதி முழுவதும் ஸ்குரூ மாற்ற வேண்டும், ஆயிரக்கணக்கில். செய்யக்கூடிய வேலைதான், முதுகும் பொறுமையும் இருந்தால் சரி. மாற்றும்போது சிலிக்கான் வெண்கலம் போடுங்கள். எவர்சில்வரைத் தண்ணீருக்கு அடியில் ஈர மரத்துக்குள் புதைக்காதீர்கள், காற்றுப் படாத இடத்தில் அது உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகும்.

இன்னொன்று, அதிகம் பேர் கவனிக்காதது. அரிப்பைத் தடுக்க மாட்டும் துத்தநாகக் கட்டிகளை அளவுக்கு மீறி மாட்டினால், அவை காப்பாற்றுகிற வெண்கலப் பாகத்தைச் சுற்றிக் காரம் உருவாகும். அந்தக் காரம் மரத்தைத் தின்னும். அடிப்பகுதித் துளையில் இருக்கிற வால்வு பளபளவென்று இருந்து, அதைச் சுற்றிய பலகை வெள்ளையாக நார்நாராகப் பூத்திருந்தால் காரணம் இதுதான்.

படகின் முதுகெலும்பான கீலைத் தமிழில் ஏரா என்பார்கள், விலா எலும்பு மாதிரி நிற்கிற சட்டங்களை வங்கு என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். இருபதடி தள்ளி நின்று படகின் மேல் விளிம்பையும் ஏராவையும் நீளவாக்கில் பாருங்கள். முன்னும் பின்னும் தொங்கி, நடுவில் முதுகு தூக்கியிருந்தால் அந்தப் படகு உடலால் களைத்துவிட்டது என்று அர்த்தம். அதோடு ஏராவும் மக்கியிருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். நாலைந்து வங்கு முறிந்திருப்பது, பத்துப் பலகை போயிருப்பது, கேபின் சுவரின் அடி மக்கியிருப்பது, இவையெல்லாம் வீட்டுத் தச்சருக்கு எட்டுகிற வேலைகள். ஏரா, முன்முனையில் நிமிர்ந்து நிற்கிற முகப்புத் தண்டு, பாதிக்கு மேல் வங்குகள் என்று மூன்றும் சேர்ந்து போயிருந்தால் நீங்கள் சீரமைக்கப் போவதில்லை, பழைய படகைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதுப் படகு கட்டப் போகிறீர்கள். படகின் நிலைமையைச் சோதித்துச் சொல்கிற, மரப்படகு தெரிந்த சர்வேயரை, ஃபைபர் படகு மட்டும் பார்த்தவரை அல்ல, ஒரு நாள் கூட்டி வந்து காட்டுங்கள். இந்த முழு முயற்சியிலும் மிகக் குறைந்த செலவு அதுதான்.

வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று மாதம் அழகான எதையும் தொடக் கூடாது. படகு நிற்கிற விதம், அதன் மேல் கூரை, உள்ளே காற்று, இந்த மூன்றும்தான் வேலை.

கரையில் படகின் எடையை ஏரா தாங்க வேண்டும், அதற்கு அடியில் கட்டைகள் நெருக்கமாக இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் ஸ்டாண்டுகள் சாயாமல் பிடிக்கத்தான். அவற்றை இறுக்கி இறுக்கி எடையை அவற்றின் மேல் ஏற்றினால் பலகை உள்ளே அமுங்கும், வங்கு முறியும். எதிரெதிர் ஸ்டாண்டுகளைச் சங்கிலியால் பிணைத்து வையுங்கள். கூரைத் தார்ப்பாயை ஸ்டாண்டில் கட்டவே கட்டாதீர்கள், ஒரு பெருங்காற்று போதும். தாங்குகட்டை விஷயம் எவ்வளவு பெரியது என்பதற்கு 'செக்கோயா' ஒரு சாட்சி. அமெரிக்க அதிபர்கள் பலர் பயணித்த, 1925இல் கட்டப்பட்ட 104 அடி மர யாட் அது. 1987இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதியும் கிடைத்தது. பின்னால் உரிமைத் தகராறில் மாட்டிக் கரையில் கிடந்தது. 2016இல் தீர்ப்புச் சொன்ன நீதிபதி அதன் நிலைமையை விவரிக்கும்போது, போதாத தாங்குகட்டையின் மேல் அது உட்கார்ந்திருப்பதையும் உள்ளே ரக்கூன் என்கிற காட்டு விலங்குகள் குடியேறிவிட்டதையும் குறிப்பிட்டார். சின்னம் என்ற பட்டம் எடையைத் தாங்காதே.

கூரை போடும்போது தார்ப்பாயைப் படகின் மேல் போர்த்தி இறுக்கிக் கட்டாதீர்கள். அது ஈரத்தை உள்ளே பூட்டிவைத்து, பூஞ்சைக்கு வீடு கட்டிக்கொடுக்கிற வேலை. சட்டம் அடித்து, பந்தல் மாதிரி உயரமாக, இரண்டு முனையும் திறந்திருக்கும்படி போடுங்கள். உள்ளே தரைப்பலகைகளைத் தூக்கி வையுங்கள், அலமாரிக் கதவுகளைத் திறந்து விடுங்கள். ஆனால் ரொம்பவும் காயவிட்டாலும் ஆபத்து. வெயில் நேராகப் படுகிற பக்கம் பலகைகள் சுருங்கி, இடுக்குகள் கத்தி நுழைகிற அளவுக்குத் திறந்துகொள்ளும். அதைப் பார்த்துப் பயந்து பட்டியை வைத்து இறுக்க அடைத்துவிடுவார்கள். படகு தண்ணீரில் இறங்கியதும் பலகைகள் ஊதும், ஊதுவதற்கு இடம் இருக்காது, அந்த விசை ஸ்குரூவை இழுக்கும் அல்லது வங்கை உடைக்கும். இடுக்கில் பஞ்சுத் திரி திணிக்கிற கலப்பத்து வேலையை இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பஞ்சு நன்றாக இருக்கிற இடத்தைக் கிளறவே வேண்டாம்.

வங்குகளையும் பலகைகளையும் மாற்றுவதுதான் இதில் உண்மையான தச்சு வேலை, ரசித்துச் செய்யலாம். ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றுங்கள். படகின் உருவத்தை நினைவில் வைத்திருப்பது நீங்கள் கழற்றாமல் விட்ட துண்டுகள்தான். முறிந்த வங்குக்குப் பக்கத்திலேயே புதிய ஒன்றை வளைத்துச் சேர்ப்பது சுலபம், பல இடங்களில் அதுவே போதும். ஓக் மரத்தை ஆவியில் வேகவைத்து வளைப்பார்கள், அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு. பெட்டியிலிருந்து எடுத்ததும் அரை நிமிடம்கூடக் கிடைக்காது, அதற்குள் வளைத்துப் பிடித்துவிட வேண்டும். ஆள் துணை இல்லாதவர்கள் மெல்லிய பட்டைகளை எபாக்ஸிப் பசை வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அதே வளைவைக் கொண்டுவரலாம், நேரம் ஆனாலும் பதற்றம் இல்லை. பலகையின் ஒரு பகுதி மட்டும் போயிருந்தால் சாய்வாக வெட்டி ஒட்டலாம். தடிமனைப் போல் எட்டு மடங்கு சாய்வு வேண்டும்: முக்கால் அங்குலப் பலகைக்கு ஆறு அங்குலம். அடுத்தடுத்த வரிசைகளின் இணைப்புகள் ஒரே வங்கு இடைவெளியில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எபாக்ஸி பற்றி இரண்டு வார்த்தை. 12 சதவீத ஈரத்துக்கு மேல் இருக்கிற மரத்தில் அதை நம்ப வேண்டாம். காய்ந்ததும் மேலே மெழுகு மாதிரி ஒரு வழுவழுப்புப் படியும். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே உப்புத்தாள் போட வேண்டும், இல்லாவிட்டால் அதன் மேல் அடித்த பெயிண்ட் உரியும். வெயில் அதைக் கெடுக்கும், எனவே மேலே பெயிண்டோ வார்னிஷோ கட்டாயம். அப்புறம், "அடிப்பகுதி முழுவதையும் ஃபைபர் கிளாஸால் மூடிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது" என்று ஒருவர் நிச்சயம் வந்து சொல்வார். பலகைக்குப் பலகை அசைகிற பழைய மரத்தின் மேல் அசையாத ஓடு ஒன்றை ஒட்டினால், ஓரிரு வருடத்தில் அது விட்டுக்கொடுத்து, இடையில் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும். உள்ளே என்ன நடக்கிறது என்று அதன்பின் பார்க்கவும் முடியாது.

பழைய பெயிண்டை எடுக்கும்போது கவனம். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கும், குறிப்பாக சிவப்பு பிரைமரில். புகைக்குழாயைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கட்டு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், அதை ஆய்வுக்கு அனுப்பாமல் கிழிக்காதீர்கள். அடிப்பகுதியில் பாசி பிடிக்காமல் அடித்த பழைய பூச்சில் டிரைபியூட்டில்டின் இருந்திருக்கலாம். 2008இல் உலக அளவில் தடைக்கு வந்த நஞ்சு அது. உலர்ந்த உப்புத்தாள் வேண்டாம், நனைத்துத் தேயுங்கள் அல்லது சுரண்டுங்கள். துணி முகமூடி போதாது, சரியான ஃபில்டர் வைத்த மாஸ்க் வேண்டும். அந்த உடையோடு வீட்டுக்குள் போகக் கூடாது.

எஞ்சினைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். எனக்கு மரத்தைப் பார்த்துத்தான் பயம். அந்தக் காலத்து பெர்கின்ஸ், ஃபோர்டு லேமன் டீசல்கள் முரட்டு ஆசாமிகள். 1973 வரை மரத்தில் கட்டிய கிராண்ட் பேங்க்ஸ் படகுகள் பலவற்றிலும் ஃபோர்டு லேமன்தான் இருந்தது, உதிரி பாகம் இன்றும் கிடைக்கிறது. பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருகும் ஆசையை மட்டும் அடக்குங்கள். எரிபொருளைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் மெல்லிய எண்ணெய் கொஞ்சம் விட்டு, சில நாள் ஊறவைத்து, பெரிய ஸ்பேனரை முன்பக்க நட்டில் மாட்டிக் கையால் சுற்றிப் பாருங்கள். முழுச் சுற்று வந்தால் பாதி வெற்றி. பழைய டீசலை வடித்து டாங்கியைக் கழுவுங்கள், கடல் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரை மாற்றுங்கள், வெப்பமாற்றியைத் திறந்து பாருங்கள். பெட்ரோல் எஞ்சின் என்றால் கதை வேறு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடிக்குழியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் நாலு நிமிடமாவது வெளியேற்றும் விசிறி ஓட வேண்டும், அதன் பிறகும் மூக்கால் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

மின்கம்பிகளைச் சீரமைக்க வேண்டாம், மொத்தமாக எடுத்துவிட்டு வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியால் புதிதாக இழுங்கள். அடிப்பகுதித் துளைகளில் இருக்கிற வால்வுகள், குழாய்கள், கிளிப்புகள் அனைத்துக்கும் இதே தீர்ப்புதான். நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று கழன்றால் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் உள்ளே வரும். பல படகுகளில் இருக்கிற சின்ன பம்ப் அதற்கு ஈடுகொடுக்காது. ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அந்த அளவுக்கு ஏற்ற மரத் தக்கை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

இப்போது வார்னிஷ். எல்லோரும் இதில்தான் ஆரம்பிக்க விரும்புகிறார்கள், இதுதான் கடைசியில் வர வேண்டியது. கூரைக்குக் கீழே கசிவு நின்ற பிறகே மரத்துக்கு வார்னிஷ். முதல் கோட்டில் பாதிக்குப் பாதி தின்னர் கலந்து மரம் குடிக்கவிட வேண்டும், பிறகு தின்னரைக் குறைத்துக்கொண்டே வந்து ஏழெட்டுக் கோட்டாவது. இடையில் ஒவ்வொரு முறையும் 320 உப்புத்தாள், தூசி துடைப்பு. நேர் வெயிலில் அடித்தால் குமிழி வரும், சாயங்காலம் அடித்தால் பனி விழுந்து மங்கும். ஆனால் ஒரு சலுகை தருகிறேன், எனக்கே நான் கொடுத்துக்கொண்டதுதான்: கதவோ, தளத்துத் திறப்பின் (ஹாட்ச்) மூடியோ, ஒரே ஒரு சின்னத் துண்டை முதல் மாதமே வீட்டுக்குக் கொண்டுபோய் முழுசாக வார்னிஷ் அடித்துச் சுவரில் சாய்த்து வையுங்கள். ஒன்றரை வருடம் கழித்து, அடிக்குழியில் படுத்துக்கொண்டு முறிந்த ஸ்குரூவைத் தோண்டும்போது அது தேவைப்படும்.

இரண்டு வருடம் என்றீர்களே. வார இறுதிகள் நூற்று நாலு. மழை, கல்யாணம், காய்ச்சல், சாமான் வராத வாரம் எல்லாம் போக எழுபது மிஞ்சினால் பெரிய விஷயம். எனக்கு ஒரு வங்கு மாற்ற ஒரு நாள், ஒரு பலகைக்கு மூன்று நாள் ஆகிறது. பன்னிரண்டு வங்கு, ஆறு பலகை என்று வைத்தாலே முப்பது நாள், அதாவது பதினைந்து வார இறுதி. கேபின் சுவர், ஜன்னல், தளம் இதைப் போல் இரண்டு மடங்கு கேட்கும். எஞ்சின், வயரிங், பெயிண்ட் தனி. நாலு வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பணத்தில் மரமும் ஸ்குரூவும் உங்களைக் கடிக்காது, மாதாமாதம் நிற்கிற இடத்துக்குக் கொடுக்கும் வாடகைதான் கடிக்கும். அந்த வாடகையை 48ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு, அந்தத் தொகை சம்மதம் என்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

இறக்குகிற நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்குப் பலரும் கலங்கிப்போகிறார்கள். பல வருடம் காய்ந்த கூடு தண்ணீரைத் தொட்டதும் ஒழுகும், இடுக்கெல்லாம் வியர்த்த மாதிரி முதலில், பிறகு ஓடை மாதிரி. பலகைகள் ஊதி ஒன்றோடொன்று இறுகச் சில நாள் ஆகும். அதனால் கிரேன் பெல்ட்டிலேயே ஒரு இரவு தொங்கவிட முடியுமா என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். பெரிய பம்ப் இரண்டு, அவற்றுக்குக் கரையிலிருந்து மின்சாரம், இரவு முழுக்க ஒரு ஆள். மறுநாள் காலை ஒழுகல் பாதியாகியிருந்தால் நல்ல சகுனம். ஒரே இடத்திலிருந்து மட்டும் குறையாமல் வந்தால், அது ஊதிச் சரியாகிற ஒழுகல் இல்லை, தூக்கிப் பார்க்க வேண்டியதுதான். எஞ்சினையும் புரொப்பல்லர் ஷாஃப்டையும் கரையில் எவ்வளவு துல்லியமாகச் சேர்த்திருந்தாலும், தண்ணீரில் கூடு உட்கார்ந்ததும் கோடு மாறியிருக்கும். ஒரு வாரம் விட்டு, இணைப்பின் போல்டுகளைக் கழற்றி, இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் சுற்றிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். நாலு அங்குலத் தட்டு என்றால் மேலும் கீழும் இருக்கிற வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்குக்குள் இருக்க வேண்டும். அது வந்த பிறகு கியரைப் போடுங்கள்.